நஞ்சுக்கும் வெயிலுக்கும் நடுவே

மே மாதத்தில் ஒரு பிற்பகல். மதுரையை அடுத்த யானைமலை அடிவாரத்துப் பொட்டல். நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸ். முகமூடி, கரி பூசிய மேலுடை, ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ் என்று தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட ஒரு வீரர் அங்கே மிதமான வேகத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். நஞ்சு எதுவும் இல்லை, வெறும் ஒத்திகைதான். அவர் எத்தனை நிமிடம் தாங்குவார்?

மிதமாக உழைக்கும் மனித உடல் சுமார் 400 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிமிடத்துக்கு 24 கிலோஜூல். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 245 கிலோஜூல் போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். அரை மணி நேரத்தில் 37 டிகிரி 40 ஆகிவிடும். வெப்பவாதம் தொடங்கும் இடம் அது.

சாதாரண உடையில் இது நேராமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நம் வீரர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்தைத் தீர்க்க 600 மில்லிலிட்டர் ஆவியானால் போதும். ஆனால் மூடிய உடைக்குள் வியர்வை வழியும், ஆவியாகாது. ஆவியாகாத வியர்வையால் உடம்பு நீரை இழக்குமே தவிரக் குளிராது. வெளிக்காற்றோ தோலைவிடச் சூடு. அதனிடம் வெப்பத்தைத் தள்ளிவிடவும் முடியாது.

உண்மையான உடைகள் கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும் என்பதால் ஏற்றம் இவ்வளவு வேகமாக இருக்காது. போகும் திசை மட்டும் இதுதான். முழுக் காப்புடையில் இருப்பவருக்கு, வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீட்டோடு இன்னும் குறைந்தது ஐந்தரை டிகிரியைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் படையின் விதி. மதுரைக் கோடையில் அந்தக் கூட்டலுக்குப் பிறகு வேலைக்கு மிஞ்சும் நேரம் மிகக் குறைவு.

வேதியியல், உயிரியல், கதிரியக்க, அணு ஆபத்துகளிலிருந்து காக்கும் படைத்துறைப் பணியை சி.பி.ஆர்.என். என்ற நான்கெழுத்தில் சுருக்கிச் சொல்கிறார்கள். பழைய ஆட்கள் இன்றும் என்.பி.சி. என்பார்கள். திரைப்படங்கள் இதை வீரசாகசமாகக் காட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு இது ஓயாத கொடுக்கல் வாங்கல் கணக்கு. ஒவ்வொரு காப்புக்கும் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலையை முன்கூட்டியே அளந்து சொல்லத் தெரிந்தவர்தான் இத்துறையில் நிபுணர்.

சிரட்டைக் கரியின் வேலை

முகமூடியின் பக்கவாட்டில் திருகப்படும் குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் கரி. அதிலும் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்குத் தனி மதிப்பு உண்டு. சிரட்டையை எரித்துக் கரியாக்கி, உயர்வெப்ப நீராவியில் வாட்டினால் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். பல துளைகளின் அகலம் 2 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டருக்குக் குறையாது. குப்பியில் 100 கிராம் கரி இருந்தால் 25 ஏக்கர் பரப்பு. மூச்சோடு வரும் நச்சு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சிரட்டைக் கரி கடினமானது, எளிதில் பொடியாகாது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் மக்களிடமிருந்து சேகரித்தது இந்தக் கரிக்காகத்தான். இன்று தமிழ்நாட்டின் தென்னை வட்டாரங்களில் சிரட்டைக் கரி ஏற்றுமதிச் சரக்கு.

எல்லா நஞ்சும் வெறும் கரியில் ஒட்டுவதில்லை. ஹைட்ரஜன் சயனைடு போன்ற லேசான மூலக்கூறுகள் நழுவிவிடும். அவற்றைப் பிடிக்கக் கரியில் தாமிர உப்பை ஏற்றுவார்கள். ஆர்சின் என்ற நச்சுவாயுவுக்கு வெள்ளி. கார்பன் மோனாக்சைடை இந்தக் குப்பி தடுக்காது. காற்றில் ஈரம் மிகுந்தால் நுண்துளைகளில் நீர் புகுந்து கரியின் கொள்ளளவும் குறையும்.

இதைவிட முக்கியமானது, குப்பி காற்றை வடிகட்டுமே தவிர ஆக்சிஜனைத் தராது. பாழுங்கிணற்றிலோ சாக்கடைத் தொட்டியிலோ முகமூடியை நம்பி இறங்குபவர் இறந்துபோவார். அங்கெல்லாம் முதுகில் காற்றுச் சிலிண்டர் வேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 50 நிமிடம் வரும். ஓடியாடி உழைத்தால் 30 நிமிடம். போகவும் வரவும், வெளியே வந்து உடையோடு குளித்துக் கழற்றவும் நேரம் ஒதுக்கியபின் உண்மையான வேலைக்குக் கால் மணி மிஞ்சினால் அதிகம். கண்காணிப்பவர் கையில் கடிகாரத்தோடு வெளியே நிற்பார். நேரம் முடிந்தால் வேலை பாதியில் நின்றாலும் திரும்பியாக வேண்டும்.

தம்பிகளின் படைப்பிரிவு

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரினைக் காற்றில் திறந்துவிட்டது. நவீனப் போரில் பெரிய அளவில் நடந்த முதல் நச்சுவாயுத் தாக்குதல் அது. நான்கே நாளில், ஏப்ரல் 26 அன்று, இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அதே களத்தில் எதிர்த்தாக்குதலில் இறங்கியது. வீரர்களிடம் முகமூடி கிடையாது. ஈரத்துணிதான். ஜமேதார் மீர் தஸ்த் தாமும் வாயுவில் அகப்பட்ட நிலையில் காயம்பட்ட அதிகாரிகளை மீட்டு விக்டோரியா கிராஸ் பெற்றார்.

அடுத்த பக்கம் கசப்பானது. 1930-களில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாக, ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள்மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். இந்தியத் தோல் வெள்ளையர் தோலைவிட அதிகம் தாங்குமா என்பது அவர்களின் கேள்விகளில் ஒன்று. ஆவணங்கள் 2007-இல்தான் பொதுவெளிக்கு வந்தன.

அமெரிக்கா 1918-லேயே வேதிப்போருக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. இந்தியத் தரைப்படையில் அப்படித் தனிப் படைப்பிரிவு இல்லை. பொறுப்பு பொறியாளர் படையினுடையது. ஆறு கடக்கப் பாலம் போடுபவரும் கண்ணிவெடி அகற்றுபவரும் இருக்கும் அதே படை. புணேயில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் இதற்கெனத் தனிப் புலம் இயங்குகிறது. தமிழர்களுக்கு நெருக்கமானது 1780-ஐத் தொடக்கமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். தலைமையகம் பெங்களூரு. அதன் வீரர்களைப் படை முழுவதும் 'தம்பி' என்றுதான் அழைக்கும். மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கம் 'பட்டாளத்தில் இருக்கிறார்' என்று சொல்லப்படும் ஒருவர் இந்தத் துறைக்குள் நுழைய முதன்மையான வழி இதுவே. தனியாக விண்ணப்பிக்கும் வேலையல்ல இது. படையில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, பிறகு சிறப்புப் பயிற்சிக்குத் தேர்வாக வேண்டும்.

ஆய்வகப் பாதை இன்னொன்று. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர் ஆய்வகம் வேதி, உயிரி நஞ்சுகளையும், ஜோத்பூர் ஆய்வகம் கதிரியக்க அளவீட்டையும், டெல்லியின் இன்மாஸ் கதிர்வீச்சு மருத்துவத்தையும் பார்க்கின்றன. வேதியியலோ இயற்பியலோ படித்தவர்களுக்கு இங்கே சீருடை இல்லாமலேயே இடம் உண்டு.

மூன்றாவது வாசல் தேசியப் பேரிடர் மீட்புப் படை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி 2006-இல் எட்டு பட்டாலியன்களோடு தொடங்கியது. அதன் நான்காவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில் இருக்கிறது. வீரர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிலிருந்து வருபவர்கள். வெள்ளத்தில் படகு ஓட்டுபவர்களாகவே தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் இவர்கள் நச்சுவாயுவையும் கதிரியக்கத்தையும் எதிர்கொள்ளவும் பயின்றவர்கள்.

காற்று எந்தப் பக்கம்?

ஆபத்து நடந்த இடத்துக்குப் போனதும் இத்துறையினர் முதலில் பார்ப்பது நஞ்சையல்ல, காற்றை. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு அடர்ந்தது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். மதுரைச் சமவெளியில் அப்படித் தேங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. வைகையின் வறண்ட படுகை, கண்மாய்ப் பள்ளங்கள், ஓடைகள், சுரங்கப்பாதைகள் எல்லாம் அதற்குத் தொட்டிகள்.

பொழுதும் முக்கியம். நண்பகலில் சுட்ட தரை காற்றைச் சூடாக்கி மேலே தள்ளும். நச்சு மேகம் கலைந்து நீர்த்துப்போகும். வெயில் இங்கே நண்பன். இரவு நேர்மாறு. தரை குளிர்ந்து, அதன்மேல் படிந்த குளிர்காற்றுக்கு மேலே வெப்பக்காற்று மூடியாக அமரும். மார்கழி விடியலில் எரித்த குப்பையின் புகை மேலேறாமல் தெருமட்டத்திலேயே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது அந்த இரவுக் குளிர்காற்று அதை ஊர்மட்டத்திலேயே வைத்திருந்தது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்ததும் விடியலுக்கு முன்னேதான். பன்னிரண்டு பேர் இறந்தனர். புணேயிலிருந்து பேரிடர் மீட்புப் படையின் நிபுணர் குழு விமானத்தில் போனது. தொட்டிக்குள் தானாகவே சூடேறிக்கொண்டிருந்த ஸ்டைரீனை அடக்கத் தேவையான வேதிப்பொருள் குஜராத்திலிருந்து வந்தது.

காற்றை ஆயுதமாக நம்புபவரைக் காற்றே கைவிடும் என்பதற்குத் தமிழ் நிலத்திலேயே சான்று உண்டு. 1990 ஜூன் 18 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் ராணுவ முகாமை முற்றுகையிட்ட விடுதலைப் புலிகள், வாழைச்சேனைக் காகித ஆலையிலிருந்து எடுத்த குளோரினைத் திறந்துவிட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட இலங்கை ராணுவத்தினர் பாதிக்கப்பட்டனர். வாயுவின் ஒரு பகுதி திரும்பிப் புலிகளின் பக்கமே வந்தது. அரசல்லாத ஓர் அமைப்பு போர்க்களத்தில் நச்சுவாயுவைப் பயன்படுத்திய முதல் நிகழ்வாக ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காகிதத்தை வெளுக்கவும் குடிநீரைச் சுத்திகரிக்கவும் வைத்திருக்கும் பொருள், சிலிண்டரின் வால்வு திறந்த கணத்தில் வேறொன்றாகிவிடுகிறது.

பூச்சிமருந்தின் உறவினர்கள்

சாரின், டாபுன், வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சுகளின் பெயர் அச்சமூட்டும். அவற்றின் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. 1936-இல் ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் டாபுனைக் கண்டது பூச்சிமருந்து தேடும்போதுதான். ஆர்கனோபாஸ்பரஸ் என்ற அதே குடும்பத்துப் பூச்சிமருந்துகள் நம் பருத்திக்கும் நெல்லுக்கும் தெளிக்கப்பட்டவை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற தென்மாவட்ட மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இந்த நஞ்சேற்றம் பழக்கமான ஒன்று. நரம்பு நஞ்சுத் தாக்குதலை ஒருநாளும் காணாத மருத்துவரும் அதன் வைத்தியத்தைக் கைவசம் வைத்திருக்கிறார்.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் அதைத் துடைத்து எடுக்க ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. செய்தி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், மூச்சுக்குழாயில் நீர் கோக்கும், தசை துடித்துத் துவளும், கடைசியில் மூச்சு நிற்கும். மருந்து இரண்டு. அட்ரோபின், செய்தி போய்ச் சேரும் வாசல்களில் ஒரு வகையை அடைக்கிறது. பிராலிடாக்சிம், பூட்டிய நொதியைத் திறக்கிறது. நேரம் கடந்தால் பூட்டு இறுகி, திறக்கவே முடியாமல் போகும். சோமன் என்ற நஞ்சில் அந்த இறுக்கத்துக்குச் சில நிமிடங்களே போதும். அதனால்தான் மருத்துவர் வரக் காத்திராமல், தொடையில் தானே குத்திக்கொள்ளும் ஊசியை வீரர் கையோடு வைத்திருக்கிறார்.

அட்ரோபின், சாலையோர ஊமத்தையிலும் இருக்கும் சத்து. ஊமத்தையின் நஞ்சு ஏறியவருக்கு வாய் வறளும், தோல் சிவக்கும், வியர்வை நின்றுபோகும். இங்கேதான் கணக்கு மறுபடி வெயிலில் முட்டுகிறது. நஞ்சு தாக்காமலே, பயத்தில் ஊசியைக் குத்திக்கொண்ட வீரருக்கு வியர்வை அடைபடும். மூடிய உடை, 40 டிகிரி வெயில், வியர்க்காத தோல். எதிரி ஒரு துளி நஞ்சையும் வீசாமலேயே அவர் வெப்பவாதத்தில் விழலாம். குளிர்நாட்டில் சிறு பக்கவிளைவாகக் கடந்துபோகும் ஒன்று மதுரையில் உயிர்ப் பிரச்சினை. பயிற்சியில் ஊசி போடுவதைவிட, எப்போது போடக்கூடாது என்பதற்கு அதிக இடம் வேண்டும்.

தோலில் பட்ட நஞ்சை நீக்கும் சரக்குகளும் எளியவையே. கடுகு வாயு வாயு என்று பெயர்பெற்றாலும் உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். அதைத் துடைக்கப் பயன்படும் ஃபுல்லர்ஸ் எர்த்தை நம்மூர்க் கடைகளில் முகப்பூச்சுக்கு முல்தானி மட்டி என்று விற்கிறார்கள். களிமண் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும், தட்டிவிடலாம். திருவிழா முடிந்த தெருவில் தூவும் ப்ளீச்சிங் பவுடர், வாகனத்திலும் தரையிலும் படிந்த கடுகு வாயுவையும் நரம்பு நஞ்சையும் சிதைக்கும். ஆனால் உடையைக் கழற்றுவதே பெரும்பகுதி நஞ்சை உடம்பிலிருந்து நீக்கிவிடும். அதனால் கழற்றும் முறைக்குத் தனி ஒழுங்கு உண்டு. கூட்டாளி ஒருவர் உதவியோடு, வெளிப்புறம் உட்புறமாகச் சுருளும்படி, மேலிருந்து கீழாக. முகமூடி கடைசியில்.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வைக்கப்பட்டபோது புனித லூக்கா மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். பலர் நடந்தும் டாக்சியிலும், உடுத்திய உடையோடு. அந்த உடையிலிருந்து எழுந்த ஆவி மருத்துவர்களையும் செவிலியரையும் பாதித்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் லட்சக்கணக்கானோர் கூடும் ஊருக்கு இதில் நேரான பாடம் இருக்கிறது. மருத்துவமனை வாசலுக்கு வெளியே தண்ணீரும் மாற்றுத்துணியும் இல்லையென்றால் ஊசியும் மருந்தும் பாதிப் பயன்தான்.

தெரியாத கதிர், தெரிந்த கணக்கு

கதிரியக்கத்துக்கு மணமில்லை, நிறமில்லை. ஆனால் வேதி நஞ்சைவிட அதை அளப்பது எளிது. கையில் பிடிக்கும் கருவியே காட்டிக்கொடுக்கும். காக்கும் விதிகள் மூன்று: நேரம், தூரம், தடுப்பு. ஒரு சிறிய மூலத்திலிருந்து 1 மீட்டரில் மணிக்கு 100 மில்லிசீவர்ட் என்றால், 10 மீட்டரில் 1 மில்லிசீவர்ட்தான். தூரம் பத்து மடங்கானால் அளவு நூறில் ஒன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட், கதிரியக்கத் தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. ஆகவே 1 மீட்டர் தூரத்தில் நின்று செய்யும் வேலையை ஆறு நிமிடத்தில் முடித்தால் ஒருவர் வாங்குவது 10 மில்லிசீவர்ட். பிறகு அடுத்த ஆள். இங்கே வீரம் காட்டி ஒருவரே நின்று முடிப்பது தவறு. சுமையைப் பலர்மேல் பிரிப்பதே முறை.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது இந்தியா மறக்கக்கூடாத நிகழ்வு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1960-களின் இறுதியில் வாங்கி, பின்னர் கைவிட்ட கோபால்ட்-60 கருவி ஒன்று ஏலத்தில் போய், உடைக்கப்பட்டது. கோபால்ட்-60 இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. நாற்பதாண்டில் ஏழு முறைக்குமேல் பாதியாகி, தொடக்க வலிமையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. அந்த மிச்சமே ஒருவரைக் கொன்று, பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை விபத்து.

கதிரியக்கம் என்றதும் தென்மாவட்டத்தார் நினைப்பது கூடங்குளத்தை. மதுரையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். அணுமின் நிலையத்துக்கான அவசரகாலத் திட்ட வட்டம் 16 கிலோமீட்டர். மதுரை அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. இரும்புக்கடைகளோ ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சிலிண்டர் கிடங்கு, அமோனியா ஓடும் குளிர்பதனக் கிடங்கு, பூச்சிமருந்துக் குடோன், லாரிகள் ஓடும் நான்குவழிச்சாலை ஆகியவையும் அப்படியே.

முதல் அரை மணி யாருடையது?

இந்தியா 1993-இல் வேதி ஆயுதத் தடை உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. தன்னிடம் இருந்த 1,044 டன் கடுகு வாயுவை அறிவித்து, 2009-க்குள் முழுவதையும் அழித்தது. அப்படி முடித்த மூன்றாவது நாடு. ஆயுதமாக வைத்திருந்தது தீர்ந்தது, தொழிலுக்காக வைத்திருப்பது பெருகியது. அதனால் இத்துறையில் இன்று நுழையும் இருபது வயதுக்காரரை அவரது பணிக்காலத்தில் அழைக்கப்போவது எல்லைக்கோட்டைவிட ஏதோவொரு கிடங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த அழைப்பு மதுரையிலிருந்து போனால் அரக்கோணம் சாலைவழி 400 கிலோமீட்டருக்கும் அப்பால். எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பயணத்துக்கு மணிக்கணக்காகும். குளோரின் மேகம் அதுவரை காத்திருக்காது. முதல் அரை மணி தீயணைப்பு நிலையத்துக்கும், அந்தத் தெருக் காவலருக்கும், கிடங்குத் தொழிலாளிக்கும், அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் உரியது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். காற்று வரும் திசையைப் பார். அதற்குக் குறுக்கே விலகு, காற்று போகும் பக்கம் ஓடாதே. பள்ளத்தில் இறங்காதே, மேடேறு அல்லது மாடிக்குப் போ. உடையைக் கழற்று, நிறையத் தண்ணீரில் கழுவு. மயங்கிக் கிடப்பவரைத் தூக்கக் காப்பில்லாமல் உள்ளே ஓடாதே.

கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினம். ஓடிப்போய்த் தூக்குவது மனித இயல்பு. விஷவாயு விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறப்பவர்கள் பெரும்பாலும் உதவப் போனவர்கள்தான். படைவீரருக்குப் பல மாதங்கள் பயிற்சி கொடுத்துக் கற்றுத்தருவதும் முடிவில் இதையே: உள்ளே நுழைவதற்குமுன் எவ்வளவு நேரம் தாங்குவோம், யார் வெளியே நிற்கிறார், எந்த வழியாகத் திரும்புவோம் என்ற மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு நுழைவது. இதைக் கற்பிக்கச் சிறப்பு உடையோ, வெளிநாட்டுக் கருவியோ தேவையில்லை. ஊராட்சி அலுவலகத்திலும், தொழிற்பேட்டையிலும், பள்ளியிலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அரக்கோணத்து வண்டி வந்து சேரும்போது மீட்பதற்கு ஆட்கள் உயிரோடு இருப்பார்களா என்பது அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது.